நம் வாயிற்புறத்து வரலாறு

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் காலனிக் குடும்பங்கள் மைசூருக்கும் நந்திமலைக்கும் புறப்படுதல் வழக்கம். அவை காணத்தக்க இடங்களே. ஆயினும், காலையிற் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பத்தக்க மூன்று ஊர்களை நாம் பெயரளவிலேயே அறிந்திருக்கிறோம். அவை பேகூர், தொம்மலூர், கோலார் என்பன.

“நீங்கள் எப்போது இவ்வூருக்கு வந்தீர்கள்?” என்று நம் பிள்ளைகளைப் பள்ளித் தோழர்கள் வினவுவதுண்டு. 1809ஆம் ஆண்டு தண்டு அமைந்தது. 1864ஆம் ஆண்டு சோலையார்ப்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. அவ்வழியே நம் முன்னோர் வந்தனர் என்று விடை கூறுகிறோம். இது நம்மில் பலருடைய குடும்பங்களைப் பொறுத்தவரை உண்மையே. ஆனால் தமிழ் இம்மண்ணுக்கு வந்த கதை அதனினும் மிகப் பழையது. அதனை அறிய மேற்கூறிய மூன்று ஊர்களுக்கும் செல்லுதல் வேண்டும்.

முதலிற் காணவேண்டுவது பேகூர். நகரின் தென்பால் உள்ள இவ்வூர் நாகேசுவரர் கோயிலில், ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டொன்று உளது. ‘பெங்களூர்ப் போர்’ என்னும் செய்தி அதில் வருகிறது. பசித்து வந்த மன்னனுக்குக் கிழவி ஒருத்தி வெந்த அவரை அளித்தமையால் இவ்வூர் பெயர் பெற்றது என்னும் கதை போசள மன்னன் காலத்தது என்பர். அம்மன்னனுக்கு முன்னரே பெயர் வழங்கியது என்பதற்கு இக்கல் சான்று. நமக்கு இடந்தந்த மொழியின் தொன்மையை முதலில் அறிந்து போற்றுதல் முறையன்றோ? ஆதலின் பேகூரை முதலில் வைத்தோம்.

அடுத்தது கோலார். கிழக்கு நோக்கிச் செல்லும் வண்டியில் பங்காருப்பேட்டைச் சந்திப்பில் இறங்கி, அங்கிருந்து கிளைப்பாதை வழியே அடையலாம். குவளாலம் என்பது இதன் பழம்பெயர். கங்க மன்னரின் முதல் தலைநகரும் இதுவே. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கபாடி சோழர் வசமாயிற்று. இந்நிலப்பகுதி நிகரிலிசோழ மண்டலம் எனப் பெயர் பெற்றது. கோலாரம்மன் கோயிற் சுவர்களில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ் எழுத்துக்களை இன்றும் காணலாம். அங்கே அம்மன் பிடாரியார் எனப்படுகிறாள். நம் ஊர் எல்லையிற் காவல் நிற்கும் பிடாரி இங்கும் காவல் நிற்கக் காண்கின்றோம்.

சோழராட்சி இங்கு நெடுநாள் நிலைக்கவில்லை. 1116ஆம் ஆண்டளவில் போசள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றிச் சோழரை அகற்றினான். அரசு போனபின் மொழியும் போயிருக்கும் என்று நாம் எண்ணுவோம். போகவில்லை என்று காட்டுவது தொம்மலூர்.

நகரினுள்ளேயே, நாள்தோறும் பேருந்தில் நாம் கடந்து செல்லும் ஊர் அது. அங்குள்ள சொக்கநாதர் கோயில், பெயரைக் கேட்டு நாம் நினைப்பதுபோலச் சிவன் கோயிலன்று, பெருமாள் கோயில். அதன் தமிழ்க் கல்வெட்டுகள் 13ஆம் நூற்றாண்டின. சோழர் நீங்கி நூற்றைம்பது ஆண்டு கழிந்தபின் எழுந்தவை. அப்போது இப்பகுதியை ஆண்டவன் போசள வீர இராமநாதன். 1254ஆம் ஆண்டில் போசள நாடு இரண்டாகப் பிரிந்தபோது, திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் அவன். கன்னட மரபின் மன்னன், தமிழ் வழங்கிய மக்கள், ஒரே கோயில்! 1266ஆம் ஆண்டுக் கல்லொன்று கணவனும் மனைவியும் இறைவனுக்கு நிலம் ஈந்ததைக் கூறுகிறது. 1270ஆம் ஆண்டுக் கல்லொன்று வாயில் நிலைக்கால் இரண்டு அளித்ததைக் கூறுகிறது. இவை படையெடுத்தோர் செயல்களல்ல, குடியிருந்தோர் செயல்கள்.

இக்கற்களைப் படித்து 1905ஆம் ஆண்டில் நூலாக்கித் தந்தவர், பெங்களூரிலேயே பிறந்த ஆங்கிலேயர் லூயி ரைசு. அவர் கண்ட கற்களுட் பல இன்று அவர் கண்ட இடத்தில் இல்லை. சாலைக்கும் மனைக்கும் இரையாயின. சில துணி துவைக்கும் கல்லாயின. 2021ஆம் ஆண்டு முதல் மிதிக் சொசைட்டியார் எஞ்சியவற்றைத் தேடி, முப்பரிமாணப் படமெடுத்துக் காத்து வருகின்றனர். கன்னடக் கல், தமிழ்க் கல் என்று அவர்கள் வேறுபாடு பார்ப்பதில்லை.

நாமும் பார்த்தல் ஆகாது. பழமை பேசுவது உரிமை கோருவதற்கன்று. அண்டை வீட்டாரோடு எத்தனை தலைமுறை உறவு உண்டு என்று உணர்தற்கே. ஆதலின், வரும் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் நம் பிள்ளைகளை இவ்வூர்களுக்கு அழைத்துச் செல்வோம். அடுத்த வீட்டுக் கன்னடக் குழந்தைகளையும் உடன் அழைப்போம். பேகூரில் அவர்கள் எழுத்துக் கூட்டட்டும்; தொம்மலூரில் நம் பிள்ளைகள் கூட்டட்டும். “எப்போது வந்தீர்கள்?” என்னும் வினாவுக்கு இருவரும் சேர்ந்தே விடை காண்பர்.