கழுதைப்புலி சுமந்த பழி



சிங்கத்திற்கு வீரம், நரிக்குத் தந்திரம், கழுதைப்புலிக்குக் கோழைத்தனம் என்று குணங்களை நாம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். சிங்கம் உண்டு எஞ்சியதைத் தின்று வயிறு வளர்க்கும் விலங்கு என்பதே ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலிக்கு நெடுங்காலமாக இருந்துவந்த பெயர். 1994ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி லயன் கிங்’ திரைப்படமும் அவற்றை வில்லனின் கையாட்களாகவே காட்டிற்று.

இப்பழி எங்ஙனம் தோன்றியது? காலையில் சமவெளிக்குச் சென்றோர், இரையை உண்ணும் சிங்கத்தையும் சற்றுத் தொலைவில் காத்து நிற்கும் கழுதைப்புலிகளையும் கண்டனர். கொன்றது சிங்கமே என முடிவு செய்தனர். இரவில் நிகழ்ந்ததை அவர்கள் அறியார்.

1960களில் ஹான்ஸ் குரூக் என்னும் டச்சு விலங்கியலாளர், தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியிலும் கோரொங்கோரோ எரிமலைப் பள்ளத்திலும் இரவு நேரங்களில் கழுதைப்புலிகளைப் பின்தொடர்ந்தார். அவை கூட்டமாக ஓடி வரிக்குதிரைகளை வேட்டையாடுவதைக் கண்டார். கோரொங்கோரோவில் அவை உண்டவற்றுள் பெரும்பகுதி அவையே கொன்ற இரைதான். ஆரவாரம் கேட்டு வந்து அதனைப் பறித்துக்கொண்டவை சிங்கங்கள்! கழுதைப்புலியும் வாய்ப்புக் கிடைத்தால் பிறர் இரையைப் பறிப்பதுண்டு; ஆனால், அதுவே அதன் பிழைப்பு அன்று. இவ்வாய்வு 1972இல் நூலாக வெளிவந்தது.

கென்யாவின் மசாய் மாராவில் 1988 முதல் கே ஹோல்காம்ப் அம்மையார் தொடர்ந்து நடத்திய ஆய்வு, அவற்றின் சமூக வாழ்வை மேலும் விளக்கியது. கூட்டத்தில் பெண்களே மேலோங்கியவை. தாயின் தகுதியே குட்டியின் தகுதி. வளர்ந்த ஆண்களுள் பெரும்பாலானவை பிறந்த கூட்டத்தை நீங்கி, வேறொரு கூட்டத்தில் கடைநிலையில் சேர்கின்றன. தாய் தன் குட்டிகளுக்கு ஓராண்டிற்கும் மேலாகப் பாலூட்டுகிறது. நாம் ‘சிரிப்பு’ என்று கேலி செய்யும் ஒலியும் மகிழ்ச்சியின் ஒலியன்று; பெரும்பாலும் அச்சத்திலும் பதற்றத்திலும் எழுவது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று உண்டோ? விலங்குக் கதைகளைக் கற்பிக்கையில் இவ்வரலாற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள் என வேண்டுகின்றேன். ‘சோம்பேறி’, ‘குறும்பன்’ என்று ஒரு வேளைக் காட்சியைக் கொண்டு நாம் பெயர் சூட்டிவிட்ட பிள்ளைகள் நம் வகுப்பிலும் வீட்டிலும் இருக்கக்கூடும். அப்பிள்ளைகளின் ‘இரவை’யும் நாம் சென்று பார்த்தல் வேண்டும் என்பது என் கருத்து.