முகம் தெரியாத நோயாளி

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் பழைய பாண்டிகசாலைகளும் ஆயுர்வேத மசாஜ் நிலையங்களும் இன்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நம் பண்டகசாலைதான் மலையாள நாவில் பாண்டிகசாலை ஆகியிருக்கிறது. சுக்கும் மிளகும் அடுக்கிய அந்தக் கிடங்குகள் பழைய உலகம், தாரா, பிழிச்சல் என்று எண்ணெய்ச் சிகிச்சைகளின் பெயர் எழுதிய பலகைகள் புதிய உலகம் என்றுதான் பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வைத்தியம் வீட்டுத் திண்ணையில் தர்மமாக நடந்தது, 1990களில் சுற்றுலா வந்து அதைக் கடைச்சரக்காக்கியது என்ற கதையும் அதோடு சேர்ந்துவிடுகிறது. எனக்கு இந்தக் கதையில் உடன்பாடில்லை. கேரளத்தில் உடல்நலம் விற்பனைக்கு வந்தது நேற்றல்ல. அந்த வியாபாரம் ஒவ்வொரு முறை பெருகியபோதும் அதற்குக் காரணம் புதிய மருந்தைக் கண்டுபிடித்தது அல்ல. வைத்தியரை அறியாத ஒருவர், அவரை ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒருவர், அந்த மருந்தை நம்பி வாங்க ஒரு புதிய வழி கிடைத்தபோதெல்லாம் அது பெருகியது. அந்த வழிகளில் மிக முக்கியமான ஒன்று கொச்சியில் பிறந்தது.

மலையாளிகள் மருந்துச் சரக்கை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். வேலியோரத்தில் பறித்து அன்றே இடித்துப் பிழிவது பச்சை மருந்து. கடையில் உலர்ந்து கிடப்பது அங்ஙாடி மருந்து. நாம் நாட்டு மருந்து என்பதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் பொருந்தும். பச்சை மருந்தில் நம்பிக்கைச் சிக்கல் எழுவதில்லை. செடி கண்முன் நிற்கிறது, வைத்தியர் பக்கத்து ஊர்க்காரர், அவர் கைராசி ஊருக்கே தெரியும். அங்ஙாடி மருந்து அப்படியல்ல. எங்கோ மலையில் பறித்து, எவரோ உலர்த்தி, பல கை மாறி வந்த வேர் அது. தோல் சுருங்கி நிறம் மாறிய பிறகு ஒரு வேருக்கும் இன்னொரு வேருக்கும் வித்தியாசம் சொல்வது தேர்ந்தவருக்கே கடினம். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். ஆனால் லண்டனில் உட்கார்ந்து சுக்கு வாங்குபவருக்கு அந்தப் பாட்டி இல்லை. அவருக்காகத்தான் கொச்சி தன் ஊர்ப்பெயரையே தரச்சான்றாக்கியது. உலகச் சந்தையில் ‘கொச்சின் இஞ்சி’ ஒரு வகையின் பெயரானது. எலுமிச்சைப் புல்லில் வடித்த எண்ணெய் ‘கொச்சின் எண்ணெய்’ என்றே விலைபோனது. மிளகிலோ தூசும் காம்பும் நீக்கிய சரக்குக்கு ஒரு தரம், நீக்காததற்கு ஒரு தரம் என்று வகுத்து, மூட்டையைக் கண்ணால் பார்க்காமலே பேரம் முடிக்கும் நிலை வந்தது. யூதத் தெருவில் மிளகு வணிகர் சங்கத்தின் கூடத்தில் கூவிக் கூவி நடந்த முன்பேர வணிகம் அந்த வழக்கத்தின் உச்சம். பார்க்காத பொருளை நம்பி வாங்கும் கலையை இந்தத் தெரு சுற்றுலாப் பயணிகளிடமிருந்து கற்கவில்லை.

ஆனாலும் தரப்பெயர் சரக்குக்குத்தான் உத்தரவாதம் தரும், அதன் குணத்துக்குத் தராது. இந்த வேர் எந்த நோய்க்கு, எந்த அளவில், எதோடு சேர்த்து என்ற அறிவு தூரம் போகவேண்டுமானால் வேறொன்று வேண்டும். 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்களுக்கு இந்தத் தேவை நேராகவே இருந்தது. ஐரோப்பாவிலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்த மருந்துகள் வெப்பத்திலும் ஈரத்திலும் வீரியம் இழந்தன, விலையோ கொள்ளை. 1670களில் டச்சு மலபாரின் தலைமை அதிகாரியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் உள்ளூர்ச் செடிகளைப் பதிவுசெய்யத் தொடங்கியதன் பின்னணியில் இந்தக் கணக்கும் உண்டு. விளைவு, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக லத்தீனில் வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’. அதில் 742 செடிகளைப் பற்றிய விவரங்கள் இருக்கின்றன. எல்லாத் தொகுதிகளும் வெளிவருவதற்கு முன்பே, 1691இல், வான் ரீட் கடற்பயணத்தில் இறந்துபோனார்.

இந்த நூலைத் தாவரவியலாளர்கள் கொண்டாடுவது அதன் செப்புத்தகட்டுப் படங்களுக்காகவும், பிற்காலத்தில் லின்னேயஸ் அதைப் பயன்படுத்தியதற்காகவும். வணிக வரலாற்றுக்கு முக்கியமானவை முதல் தொகுதியின் முகப்பில் இருக்கும் சான்றுப் பத்திரங்கள். சேர்த்தலைக்கு அருகில் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் 1675 ஏப்ரலில் தம் கைப்பட, கோலெழுத்து என்னும் பழைய மலையாள எழுத்தில், ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். அதிகாரியின் கட்டளைப்படி கொச்சிக்கு வந்து, தம் குடும்ப ஏட்டில் உள்ளபடி செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னதாக அதில் இருக்கிறது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்கள் நாகரி எழுத்தில் தங்கள் சான்றைத் தந்தார்கள். கோவாவிலிருந்து வெளியேறி மட்டாஞ்சேரிப் பகுதியில் குடியேறிய சமூகத்தவர் அவர்கள். அச்சுதன் மலையாளத்தில் சொன்னதைப் போர்த்துக்கீசிய மொழிக்கு மாற்றிய கொச்சி மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கர்னேரோவும் தனியே சாட்சி எழுதினார். இதையெல்லாம் வெறும் மரியாதைக்காகச் சேர்த்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் வாசகருக்கு அச்சுதனைத் தெரியாது. அவர் கையெழுத்தை வாசிக்கவும் வராது. ஆனால் இப்படி ஒரு மனிதர் இருக்கிறார், பரம்பரை வைத்தியர், தம் பெயரைப் போட்டு உறுதி சொல்கிறார் என்பது அந்த வாசகருக்குப் புரியும். கைராசி கடல் தாண்ட முடியாது, கையெழுத்து தாண்டியது.

படங்களின் மேல் செடியின் பெயர் ரோமன், மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். மருந்து வணிகத்தின் மிகப் பெரிய குழப்பமே பெயரில்தான் இருக்கிறது. பிரமி என்று கேட்டால் கேரளத்தில் கிடைப்பது நாம் நீர்ப்பிரமி என்னும் கொடி. வட இந்தியாவில் அதே பெயரில் வல்லாரையைக் கொடுத்துவிடுவார்கள். சங்குபுஷ்பி என்றால் கேரளத்து வைத்தியர் நீலப்பூ பூக்கும் நம் சங்குப்பூவை எடுப்பார். வடக்கே அது வேறு செடி. ஒரே சுலோகத்தை இரண்டு ஊரில் படித்து இரண்டு மருந்து காய்ச்சினால் யார் பொறுப்பு? பெயரையும் படத்தையும் ஒரே தாளில் பூட்டிவைத்த ஏற்பாடு இந்தக் கேள்விக்கான பதில்களில் பழமையானது. மலையாள எழுத்துகள் முதன்முதலில் அச்சில் தோன்றியதும் இந்த நூலில்தான். மருந்துச் சரக்கின் பெயரைப் பிசகின்றிச் சொல்லவேண்டிய அவசியம்தான் அவற்றை அச்சேற்றியது என்பது எனக்கு எப்போதும் வியப்பு தரும் செய்தி.

இது கொள்ளையின் வரலாறுதானே, இதில் வணிகப் புதுமை எங்கே என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. கட்டளையிட்டவர் பீரங்கிக் கோட்டையின் தலைவர், சொன்னவர் அவரை மறுக்கும் நிலையில் இல்லாதவர். அச்சுதன் குடும்பத்து மூல ஏடு இன்று கிடைப்பதில்லை. புகழ் பெற்றவர் வான் ரீட். இவற்றில் எதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் கொள்ளை என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினால் அந்தச் சான்றுப் பத்திரத்தின் தனித்தன்மை கண்ணில் படாமல் போய்விடும். கொள்ளையடித்தவர் பொருளின் சொந்தக்காரர் பெயரைப் பொருளின் மேலேயே எழுதிவைக்கும் வழக்கம் இல்லை. இங்கே எழுதவேண்டியிருந்தது, ஏனென்றால் அந்தப் பெயர் இல்லாமல் பண்டத்துக்கு மதிப்பில்லை. ஆதிக்கம் எத்தனை இருந்தாலும், அறிவு யாரிடமிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்டால்தான் நூல் நம்பப்படும் என்ற நெருக்கடி வான் ரீடுக்கு இருந்தது. பிற்காலத்தில் வந்தவர்களுக்கு அந்த நெருக்கடி குறைந்துகொண்டே போனது.

அடுத்த திருப்பம் கொச்சிக்கு வடக்கே, அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த கோட்டக்கல்லில் நிகழ்ந்தது. பி. எஸ். வாரியர் அஷ்டவைத்தியர் என்னும் கேரள வைத்தியப் பரம்பரையில் குருகுலமாகப் பயின்றவர், மேல்நாட்டு மருத்துவத்தையும் ஓரளவு கற்றவர். 1902இல் அவர் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கியபோது விற்றது பழைய மருந்துகளைத்தான். புதுமை, அவற்றை ஆயத்தமாக விற்றதில் இருந்தது. கஷாயம் என்பது அன்றன்று காய்ச்சிக் குடிக்கவேண்டியது. சரக்கு வாங்கி, இடித்து, எட்டில் ஒன்றாக நீர் வற்றும்வரை அடுப்பருகே நிற்கவேண்டும், மறுநாள் மறுபடியும். அந்த உழைப்புக்கு ஆளும் விறகும் நேரமும் உள்ள வீட்டுக்குத்தான் வைத்தியம் எட்டியது. அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்தவை என்பதால் தாமே நாள்படத் தாங்கும். கஷாயத்தையும் புட்டியில் அடைத்தபோது மருந்து வைத்தியரின் முற்றத்தை விட்டு வெளியேறியது. 1903இல் அவர் தொடங்கிய ‘தன்வந்தரி’ மாத இதழையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். புட்டியோடு கூடவே அதைப் பற்றிய விளக்கமும் பயணம் செய்தது. இதே சிக்கலுக்கு நம் சென்னை வேறொரு விடை கண்டது. 1944இல் வைத்தியர்களே கூட்டுறவாகச் சேர்ந்து இம்ப்காப்ஸ் மருந்தகத்தை நிறுவினார்கள்.

புட்டி வந்ததும் வைத்தியம் செத்தது என்ற வாதத்தை இன்றும் கேட்கலாம். ஆளுக்கு ஆள் உடல்வாகு பார்த்துக் கூட்டிக்குறைத்துச் செய்த மருந்து எல்லோருக்கும் ஒரே அச்சாகிவிட்டது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. வைத்தியர் மருந்து செய்வதை நிறுத்திச் சீட்டு எழுதுபவராக மாறியதில் ஒரு கைத்திறன் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்தது. ஆனால் அந்தத் தனிக்கவனம் யாருக்குக் கிடைத்தது என்றும் கேட்கவேண்டும். சாதியும் தூரமும் பணமும் தடுத்த பெரும்பாலோருக்கு அந்த முற்றம் திறந்ததே இல்லை. ரயிலில் வந்த புட்டி சாதி கேட்கவில்லை. இழப்பையும் வரவையும் எடைபோட்டால் வரவின் தட்டுதான் தாழ்கிறது என்பது என் முடிவு.

சுற்றுலாவுக்கு வருவோம். 1986இல் கேரள அரசு சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. அதற்குப் பின் வந்த பத்தாண்டில் ஆயுர்வேதம் அதன் முக்கியச் சரக்கானது. எண்ணெய் தேய்த்துவிடுவது வைத்தியமா என்ற ஏளனமும் அன்றே பிறந்தது. ஏளனம் செய்பவர்கள் கேரள வழக்கத்தை மறந்துவிடுகிறார்கள். களரி என்னும் போர்க்கலையில் உழிச்சல் எனப்படும் எண்ணெய்த் தேய்ப்பு நோயாளிக்கானது மட்டுமல்ல, பயிற்சி எடுப்பவனின் உடலைப் பக்குவப்படுத்துவது. நம் ஆடி மாதத்தோடு ஒட்டிவரும் கர்க்கடகத்தில் மருந்துக் கஞ்சி குடித்து, எண்ணெய் தேய்த்து, ஓய்வெடுப்பதற்குச் சுகசிகிச்சை என்றே பெயர். குருவாயூர்க் கோயில் யானைகளுக்குக்கூட அந்த மாதத்தில் சுகசிகிச்சை உண்டு. நோயில்லாதவர் நலத்துக்காகச் செய்துகொள்வது என்ற எண்ணம் ‘வெல்னஸ்’ என்ற சொல் வருவதற்கு முன்பே அங்கே வேரூன்றியிருந்தது. சுற்றுலா செய்த உண்மையான புதுமை பருவத்தைத் திருப்பிப்போட்டது. மழைக்காலத்தில் விடுதிகள் காலியாகக் கிடக்கும். அந்த மழைக்காலமே சிகிச்சைக்கு உகந்தது என்று பழைய வழக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத்தான் கேரளச் சுற்றுலாத் துறை விளம்பரமாக்கியது. வியாபாரத்தின் தேவையும் மரபின் விதியும் இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்பது அபூர்வம். கொச்சியிலிருந்து வளர்ந்த சி.ஜி.எச். எர்த் விடுதிக் குழுமம் கொல்லங்கோட்டு அரண்மனையில் நடத்தும் களரி கோவிலகத்தில் இறைச்சிக்கும் மதுவுக்கும் இடமில்லை, வருபவர் குறைந்தது இரண்டு வாரமாவது தங்கவேண்டும். பத்தியத்தையே விலைக்கு விற்க முடியும் என்று அது காட்டியது.

அரை மணி நேர மசாஜை ஆயுர்வேதம் என்று விற்கும் கடைகளை நான் ஆதரிக்கவில்லை. அவற்றைத் தனியே பிரிக்கத்தான் அரசு பச்சை இலை, ஒலிவ இலை என்று நிலையங்களுக்குத் தரமுத்திரை கொண்டுவந்தது. பட்டம் பெற்ற வைத்தியர் இருக்கிறாரா, தேய்ப்பவர் பயிற்சி பெற்றவரா, அறை எப்படியிருக்கிறது என்று பார்த்து வழங்கிய முத்திரை அது. 1675இன் சான்றுப் பத்திரம் செய்த வேலையை இப்போது அரசு முத்திரை செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு. அச்சுதன் பத்திரத்தில் அறிவின் ஊற்றுக்கே பெயர் இருந்தது. முத்திரை நிலையத்தைச் சொல்கிறது, புட்டி நிறுவனத்தைச் சொல்கிறது. செடியை அடையாளம் காட்டியவர் எங்கும் இல்லை.

இந்தக் குறையைச் சரிசெய்ய நடந்த ஒரு முயற்சி கேரளத்திலேயே இருக்கிறது. 1987இல் அகத்தியமலைக் காட்டில் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் ஆய்வாளர்களுக்கு ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினார்கள். களைப்புப் போக்க அதன் காயை அவர்கள் மென்று தின்பார்கள். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை பத்து லட்சம் ரூபாய், அதோடு விற்பனையில் இரண்டு சதவீதம். அதில் பாதி காணிக்காரர்களுக்கென்று ஒப்பந்தமானது, 1997இல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. பிறகு காட்டிலிருந்து இலை பறிப்பதற்கு வனத்துறையின் தடை வந்து முயற்சி தடுமாறியது. அதனால் அதைத் தோல்வி என்று தள்ளுபவர்களோடு நான் சேரமாட்டேன். பெயரைப் போடுவது போதாது, வருமானத்திலும் பங்கு வேண்டும் என்று ஒரு மருந்து ஒப்பந்தம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது. அச்சுதனுக்கு அந்தப் பாதியும் கிடைக்கவில்லை.

அவர் மலையாளத்தில் சொன்னது லத்தீனில் நூலாகி, அவர் ஊர்க்காரர் வாசிக்க முடியாத மொழியில் மூன்று நூற்றாண்டு கிடந்தது. தாவரவியல் பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல ஆண்டுகள் உழைத்து மொழிபெயர்த்ததைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. மலையாளப் பதிப்பு 2008இல் வரத் தொடங்கியது.