பெயரும் இடமும்: கோப்புகளைத் தானே கொணரும் கணினிகள்

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் பெருவழி கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடக்கின்றது. குருநாகலூடாகப் புத்தளம் செல்லும் வழி பிரிவதும் அவ்வூரிலேதான். 1880ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மாத்தளை இருப்புப்பாதையும் அங்கேயே ஆற்றைத் தாண்டுகின்றது. இவ்வழிச் செல்லும் பிரயாணி ஊரின் பெயரைச் சொன்னாற் போதும். பாலம் எது, திருப்பம் எது என்பன சாரதியின் பொறுப்பு. ஒருவர் பெயரைச் சொல்ல, மற்றொருவர் இடமறிந்து கொண்டுபோய்ச் சேர்க்கும் இவ்வெளிய ஏற்பாடு, கணினிகளுக்குள்ளே அமைவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

1982ஆம் ஆண்டு அமெரிக்காவிற் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தோன்றியது. அதனை நிறுவியோர் நால்வருள் இந்தியரான வினோத் கோஸ்லாவும் ஒருவர். ஒரு பெரிய இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்ட வழக்கம் மாறி, ஒவ்வொருவர் மேசைக்கும் ஒரு யுனிக்ஸ் கணினி வரத் தொடங்கிய காலம் அது. ஆளுக்கொரு கணினி கிடைத்தது. ஆனால் கோப்புகள் சிதறின. இக்குறையைப் போக்க அந்நிறுவனத்தார் 1984இல் என்.எஃப்.எஸ். என்னும் வலையமைப்புக் கோப்பு முறையை ஆக்கினர். வேறொரு கணினியின் வட்டிலுள்ள கோப்புத்தொகுதியைத் தன் மரத்திலேயே ஒரு கிளைபோல ஒட்டவைத்துக்கொள்வது இதன் வழி. இவ்வொட்டுதலுக்கே மவுண்ட் என்று பெயர். இம்முறையின் விதிகளைச் சன் நிறுவனம் வெளியிட்டமையால் ஏனைய நிறுவனங்களின் யுனிக்ஸ் இயந்திரங்களும் அதனை ஏற்றுக்கொண்டன.

துன்பம் அதன் பின்னரே தொடங்கியது. எந்தச் சேவையகத்தின் எந்தத் தொகுதி எங்கே ஒட்டப்பட வேண்டும் என்ற பட்டியல் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தது. ஒருவரது கோப்புகளைப் புதிய வட்டுக்கு மாற்றினால், நூறு கணினிகளிலும் நூறு பட்டியல்களைத் திருத்த வேண்டும். இதனினும் கொடியது மற்றொன்று. சேவையகம் ஒன்று நின்றுவிட்டால், அதனைத் தொட்ட நிரல்கள் யாவும் விடை வரும் வரை அசையாது காத்திருந்தன. இது பிழையன்று, வேண்டுமென்றே வகுத்த ஒழுங்கு. எழுதிய தரவு பாதியிற் கெடுவதிலும் காத்திருப்பதே மேல் என்பது ஆக்கியோர் கருத்து. கருத்து நியாயமானதே. ஆயினும் ஒரு கணினி முப்பது சேவையகங்களை எந்நேரமும் பற்றிக்கொண்டிருக்கும்போது, அம்முப்பதில் ஒன்றின் நோய் அனைவரையும் படுக்கையில் வீழ்த்திவிடும்.

இதற்கு மருந்தாகச் சன் நிறுவனத்து டாம் லயன் தன்னியக்க மவுண்ட் முறையை ஆக்கினார். 1988இல் சன்ஓ.எஸ். 4.0 உடன் அது வெளிவந்தது. பிரெண்ட் காலகனும் அவரும் 1989இல் அதனை விளக்கிக் கட்டுரை எழுதினர். அதன் உபாயம் சுவையானது. கணினிக்குள்ளேயே ஒரு சிறு நிரல் தன்னைச் சேவையகம் போலக் காட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும். பயனர் ஒரு பெயரைத் தொட்டவுடன், அந்நிரல் அட்டவணையைப் பார்த்து உரிய தொகுதியைக் கொணர்ந்து ஒட்டும். ஐந்து நிமிடம் எவரும் தீண்டாதிருப்பின் கழற்றிவிடும். அட்டவணையோ ஒரே இடத்தில் இருந்து எல்லாக் கணினிகளுக்கும் வழங்கப்பட்டது. அதனை வழங்கிய சேவைக்கு முதலில் மஞ்சட் பக்கங்கள் எனப் பெயரிட்டனர். அப்பெயர் பிரித்தானியத் தொலைபேசி நிறுவனத்தின் வணிகக்குறி என்று தெரிந்ததும் என்.ஐ.எஸ். என மாற்றினர்.

ஆயினும் ஒரு கோணல் இருந்தது. உண்மையான ஒட்டுதல் மறைவான வேறோர் இடத்திலேயே நிகழ்ந்தது. பயனர் கண்டது அதற்கான சுட்டியை மட்டுமே. தாம் நிற்கும் இடம் யாதெனக் கேட்டவருக்குக் கணினி அந்த மறைவிடத்தின் பெயரைச் சொல்லும். அதனை நம்பி எழுதிவைத்தவர் மறுநாட் சென்று தேடின், தொகுதி கழற்றப்பட்டிருக்கும். கோப்பு இல்லை என்ற விடையே கிடைக்கும்.

பல நிறுவனங்களின் இயந்திரங்கள் கலந்திருந்த பல்கலைக்கழகங்களுக்கு வேறொரு தேவையும் இருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஜான்-சைமன் பெண்ட்ரி 1989இல் ஏ.எம்.டி. என்னும் நிரலை மூலத்தோடு இலவசமாக வெளியிட்டார். அது எந்த யுனிக்ஸிலும் ஓடக்கூடியது. சேவையகம் உயிரோடிருக்கின்றதா என்று இடையிடையே வினவிப் பார்க்கும். இறந்ததன் முன் உறைந்து நில்லாது. இயந்திரத்தின் வகையை அட்டவணையில் ஒரு மாறியாக எழுதலாமாகையால், ஒரே பெயரைத் தொட்ட இருவேறு இயந்திரங்கள் தத்தமக்குரிய நிரல்களைப் பெற்றன. கலப்பு வலையமைப்புகளை ஆளக்கூடியனவாக்கியது இந்நிரலே எனல் மிகையாகாது. பிற்காலத்தில் ஏரஸ் சடோக் அதனைப் புதுப்பித்து வளர்த்தார்.

முற்கூறிய கோணலை நீக்கியது ஆட்டோஎஃப்.எஸ். என்னும் முறை. காலகனும் சதீந்தர் சிங்கும் 1993இல் இதனை விவரித்தனர். இம்முறையில் இயங்குதளத்தின் கருவே பெயரைத் தொடுவதை உணர்ந்து, அவ்விடத்திலேயே தொகுதியை ஒட்டுவித்தது. லினக்ஸுக்கு இதே பெயருடைய முறையை ஹெச். பீட்டர் ஆன்வின் 1997இல் எழுதினார். பின்னர் இயன் கெண்ட் அதனைப் பேணி வளர்த்தார். அது சன் அட்டவணையின் வடிவையே ஏற்றது. ஆனால் முழுமையாக அன்று. நேரடி அட்டவணைகள் ஐந்தாம் பதிப்பிலேதான் செம்மையாக இயங்கின. அதுவரை, சோலாரிஸில் ஓடிய அட்டவணை லினக்ஸில் ஓடாதது கண்டு நிர்வாகிகள் இரண்டு பிரதிகள் வைத்துக்கொண்டனர்.

எம்முறையாயினும் ஒரு நிபந்தனை நீங்கவில்லை. பழைய என்.எஃப்.எஸ். பயனரை அறிவது பெயரால் அன்று, எண்ணால். ஓர் இயந்திரத்தில் 501 ஒருவருக்கும், அடுத்ததில் அதே எண் இன்னொருவருக்கும் வாய்த்தால், ஒருவர் கடிதம் மற்றவர் கையிற் சேரும். ஆகவே அட்டவணையை ஒழுங்கு செய்யுமுன் ஆட்களின் எண்களை ஒழுங்கு செய்ய வேண்டியதாயிற்று.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள பேராதனையிற் பணிமனை கொண்ட லேர்ன் போன்ற கல்வி வலையமைப்புகள் வளாகத்தை வளாகத்தோடு இணைப்பவை. மேற்சொன்ன ஏற்பாடோ பெரும்பாலும் ஒரு வளாகத்தின் சுவர்களுக்குள்ளேயே நிகழ்வது. 2010இல் வந்த சிஸ்டம்டி இவ்வேலையைக் கணினியின் பழைய பட்டியலிலேயே ஒரு சொல்லாற் குறிக்க வழி செய்தது. ஆயினும் லினக்ஸ் ஆட்டோஎஃப்.எஸ். மறையவில்லை. அதனோடு வரும் அமைப்புக்கோப்பில் எவரும் தீண்டாத தொகுதியைக் கழற்றுவதற்குக் குறித்திருக்கும் காலம் 300 விநாடி. 1988இன் அதே ஐந்து நிமிடம்.