அகார் அகார்: சமையலறையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

தெம்பனிஸில் நான் போகும் மளிகைக்கடையில் அகார் அகார் பொடி ஜெல்லி பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கும். தமிழ் முஸ்லிம் வீடுகளில் இதற்குக் கடல்பாசி என்று பேர். பக்கத்து வீட்டு உயர்நிலை மூன்று மாணவிக்காகப் போன வாரம் அதை ஊதா முட்டைக்கோஸ் சாற்றில் காய்ச்சி, ஆறவைத்து, 1, 2, 3 செ.மீ. கனசதுரங்களாக வெட்டி வினிகரில் போட்டோம். புளிப்பு உள்ளே போகப் போக ஊதா நிறம் ரோஸாக மாறும். சின்னது சீக்கிரம் முழுக்க மாறிவிட்டது. பெரியது நடுவில் ஊதாவாகவே நின்றது.

கணக்கு எளிது. 1 செ.மீ. துண்டுக்கு ஒரு கன செ.மீ. உடலுக்கு 6 சதுர செ.மீ. தோல் உண்டு, 3 செ.மீ. துண்டுக்கு 2தான். செல் பெருக்கும்போதும் இதே கதை: பசி மும்மடியாக வளர, வாசல் இருமடியாகத்தான் வளரும்.

"அங்கிள், தட்டையா வெட்டினா?" என்று கேட்டாள். அதுதான் சரியான கேள்வி! 2 செ.மீ. கனசதுரத்தில் இருப்பது 8 கன செ.மீ.; பரப்பு 24. அதே அளவை 4×4×0.5 பலகையாக்கினால் பரப்பு 40. நடுவுக்குத் தூரம் நாலில் ஒன்று. பரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கமாகக் கூடுவதால், ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு நேரம் போதும். சிவப்பணு தட்டையாக இருப்பது இதற்கு உதவுகிறது. நரம்பணு ஒரு மீட்டர் நீண்டாலும் நூலாக மெலிந்தே நிற்கிறது.

சரி, ஏன் அகார்? பெரும்பாலும் தண்ணீர்தான், ஆனால் வலைப்பின்னலுக்குள் கட்டுண்ட தண்ணீர். நீரோட்டம் கலக்காது, சின்ன மூலக்கூறுகள் தாமாகவே நகரும்.

இது ஆய்வுக்கூடத்துக்குள் வந்த கதையும் சமையலறைக் கதையே. 1881இல் வால்தர் ஹெஸ்ஸே பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் வேலை செய்தார். கிருமி வளர்த்த ஜெலட்டின் கோடைவெப்பத்தில் உருகிக் குழைந்தது. அவர் மனைவி ஃபேனி, வீட்டில் தான் செய்யும் ஜெல்லி உருகாமல் நிற்பதைக் கவனித்து, அகாரைச் சொன்னார். நியூயார்க்கில் வளர்ந்தபோது, ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சு அண்டை வீட்டாரிடம் கற்றதாம். 37 டிகிரியில் கிருமி வளரும், அகார் அசையாது.

1882இல் காசநோய்க் கட்டுரையில் கோக் அகாரைக் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயரைச் சொல்லவில்லை. ஃபேனியையாவது பின்னால் வந்தவர்கள் மீட்டெடுத்தார்கள். அந்த டச்சுக் குடும்பத்துக்கு ஜாவாவில் யாரோ காய்ச்சிக் காட்டியிருப்பார்களே, அவர் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை. மலாய்ச் சொல் மட்டும் பெட்ரித் தட்டுவரை போயிற்று, அதுவும் பாதியாக: அகார்.