யாழ் மீட்ட அடிகள்

பதுளை மாவட்டத்து எல்ல மலைச்சாரலில் வீழும் அருவியொன்றுக்கு இராவணன் பெயர் வழங்குகின்றது. அதனை அடுத்த குகைக்கும் அப்பெயரே வழங்கும். இலங்கை வேந்தன் இராவணன் கயிலை மலையைப் பெயர்க்க முயன்று அதன்கீழ் நெரிந்தபோது, தன் உடல் நரம்பையே இசைக்கருவியின் நரம்பாகக் கொண்டு சாமகானம் பாடி இறைவன் அருளைப் பெற்றான் என்பது பழங்கதை. தேவார ஆசிரியர்களும் இதனைப் பலகாலும் எடுத்துப் பாடியுள்ளனர். எல்லவுக்கு வந்து அருவியைக் காண்போருள் இக்கதையைச் சொல்லி மகிழ்வோர் பலர். ஆனால், பழந்தமிழர் மீட்டிய கருவி எத்தன்மையது, அதில் எத்தனை நரம்புகள் இருந்தன, ஒவ்வொரு நரம்பும் எந்த ஒலியைத் தந்தது என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. இந்த வினாக்களுக்கு விடை தேடித் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் இந்த இலங்கை மண்ணிலேயே பிறந்தார். அவரே விபுலாநந்த அடிகள்.

ஒவ்வொரு பழைய இனத்தாரும் ஒரு நரம்புக் கருவியைத் தம் பெருமையின் அடையாளமாகப் போற்றுவதுண்டு. கிரேக்கர் ஓர்பியசின் யாழைப் பாடினர். வடகோடியில் உள்ள பின்லாந்து நாட்டவர், தம் காவிய நாயகன் பெருமீன் ஒன்றின் தாடையெலும்பினால் காந்தேல் என்னும் கருவியைச் செய்தான் என்று பாடுவர். எலியாசு லொன்றொத் என்னும் அறிஞர் அந்நாட்டுப் பழம் பாடல்களைத் திரட்டி, 1835ஆம் ஆண்டில் கலேவலா என்னும் காவியமாக வெளியிட்டார். காந்தேல் இன்றும் அந்நாட்டில் ஒலிக்கின்றது. தமிழரின் யாழுக்கோ அப்பேறு வாய்க்கவில்லை. பொருநராற்றுப்படையும், சிறுபாண், பெரும்பாண் ஆற்றுப்படைகளும் யாழின் வடிவை உறுப்புறுப்பாக வருணிக்கின்றன. எனினும் கருவி மறைந்தது. வருணனை மட்டும் எஞ்சியது. ஒரே நரம்பில் பல சுரங்களை எழுப்ப வல்ல மெட்டுடைய வீணை வந்த பின்னர், ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என அமைந்த யாழ் படிப்படியாக வழக்கொழிந்தது என்பர்.

1892ஆம் ஆண்டில் தமிழுலகில் இரண்டு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. அவ்வாண்டில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்து வெளியிட்டார். யாழிலக்கணத்தின் திறவுகோல் அந்நூலின் அரங்கேற்று காதையிலும் அதன் உரையிலுமே பொதிந்திருந்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் கிழக்கிலங்கையின் காரைதீவில், சாமித்தம்பி, கண்ணம்மை என்போர்க்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. மயில்வாகனன் என்று பெயரிட்டழைக்கப்பட்ட அக்குழந்தையே, பிற்காலத்தில் அந்தத் திறவுகோலைக் கையிலெடுத்துப் பூட்டைத் திறந்தது.

மயில்வாகனனார் கல்முனையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். பதினாறாம் வயதிலேயே கேம்பிரிட்சு சீனியர்ப் பரீட்சையில் தேறினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர்த் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து விஞ்ஞானம் கற்று, 1916இல் அதற்குரிய தகுதிப் பத்திரம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் அவருக்குக் கிட்டியது. அக்காலத்தில் தமிழ்ப் பண்டிதர் விஞ்ஞானம் அறியார். விஞ்ஞானப் பட்டதாரி தமிழ் இலக்கணம் அறியார். இரண்டு கரைகளையும் இணைக்கும் பாலமாக மயில்வாகனனார் அமைந்தமையே பின்வந்த அனைத்துக்கும் அடித்தளமாயிற்று.

யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் ஆசிரியராகவும், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராகவும் பணியாற்றிய அவர், பதவியும் ஊதியமும் உயர்ந்துகொண்டிருந்த வேளையில் அவற்றைத் துறந்தார். 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் சிவானந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலாநந்தர் என்னும் பெயர் பூண்டார். துறவு அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. 'இராமகிருஷ்ண விஜயம்', 'வேதாந்த கேசரி' ஆகிய இதழ்களைப் பொறுப்பேற்று நடாத்தினார். சேக்சுபியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் பழந்தமிழ் நாடக மரபையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்த அவருடைய 'மதங்கசூளாமணி' 1926இல் வெளிவந்தது.

1925இல் தாயகம் திரும்பிய அடிகள் இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஏழைப் பிள்ளைகளும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் கல்வி பெறுவதற்காக அவர் அலைந்த அலைச்சல் பெரிது. ஏடுகளின் நடுவே வாழ்ந்த புலவர் எனினும், எழுத்தறியாத சிறுவனை மறந்த புலவர் அல்லர்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கிருந்த இரண்டாண்டுகளில் அவர் செய்த பணிகளுள் இரண்டு குறிப்பிடத் தக்கன. பாரதியார் பாடல்களைப் பண்டிதர் பலர் பொருட்படுத்தாதிருந்த காலத்தில், பல்கலைக்கழக மண்டபத்திலேயே அவற்றின் உயர்வை எடுத்துரைத்தமை ஒன்று. யாழைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கியமை மற்றொன்று. பின்னர், 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை பூண்டார். அம்முயற்சியின் பயனாக 1938இல் கலைச்சொல் அகராதி வெளியாயிற்று. விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க இயலாது என்று கூறியோர்க்கு அவர் அளித்த விடை அதுவே.

1937இல் அடிகள் திருக்கயிலைக்கு யாத்திரை சென்றார். எந்த மலையின்கீழ் இராவணன் பாடினான் என்று கதை கூறுமோ, அந்த மலையை யாழின் இலக்கணம் தேடிய இலங்கையர் நேரிற் கண்டு வணங்கினார். பின்னர், 1939 முதல் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் தங்கி, 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராய் விளங்கினார். அப்பனிமலையிலும் யாழாராய்ச்சி ஓயவில்லை. நண்பர் ஒருவரின் பிரிவை நினைந்து உருகி அவர் பாடிய 'கங்கையில் விடுத்த ஓலை' என்னும் பாட்டு, கணக்கும் நுணுக்கமும் அறிந்த அந்த உள்ளம் எவ்வளவு ஈரமுடையது என்பதைக் காட்டும்.

இனி, அவ்வாராய்ச்சியின் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். பழந்தமிழர் ஏழிசைக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிட்டனர். இழுத்துக் கட்டிய ஒரு நரம்பை மீட்டினால் ஓர் ஒலி எழும். அதனைக் குரல் எனக் கொள்வோம். நீளத்தைச் சரி பாதியாக்கி மீட்டினால் அதே குரல் மேல் நிலையில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை ஒலிக்கச் செய்தால், குரலுக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்காயின் நான்காவதாகிய உழை பிறக்கும். வீட்டில் ஒரு பலகையும் இரண்டு ஆணியும் ஒரு கம்பியும் உடையவர் எவரும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். இத்தகைய எளிய விகிதங்களிலிருந்து தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கியும் வகுத்தும், பழைய பாலைகளையும் பண்களையும் அடிகள் கணித்துக் காட்டினார். உரையாசிரியரின் சொற்களை இலக்கணப் புலமையால் விளக்கினார். அவ்விளக்கத்தைக் கணிதத்தால் உறுதிப்படுத்தினார்.

அவர்க்கு முன்னரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டு இத்துறையில் வழி திறந்திருந்தார். அவ்வழியில் அடிகள் தம் சொந்த அளவுகோலோடு நடந்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்னும் வகைகளை வேறுபடுத்தி, பேரியாழுக்கு இருபத்தொன்று, மகரயாழுக்குப் பத்தொன்பது, சகோடயாழுக்குப் பதினான்கு, செங்கோட்டியாழுக்கு ஏழு என வரும் நரம்புகளின் தொகைக்குக் காரணம் ஆராய்ந்தார். தேவாரப் பண்களுக்கும் நூலில் ஓர் இயலையே ஒதுக்கினார்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் அமர்ந்தார். உடலை நோய் வருத்திய அந்த ஆண்டுகளில்தான் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகளின் உழைப்பு 'யாழ் நூல்' என்னும் பெயரோடு நிறைவெய்தியது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் அதனை வெளியிட்டனர். 1947 ஜூன் மாதத்தில் தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அறிஞர் அவையில் நூல் அரங்கேறியது. ஆற்று வெள்ளத்தில் ஓடக்காரர் அஞ்சி நின்றபோது, திருஞானசம்பந்தர் பதிகம் பாடி ஓடத்தைக் கரைசேர்த்தார் என்று போற்றப்படும் தலம் அது. நூலின் கணக்குப்படி செய்யப்பட்ட கருவிகள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டன. ஏட்டில் மட்டும் இருந்த ஒலியை மக்கள் காதாற் கேட்டனர்.

அதற்குப் பின் ஆறு வாரங்களே கழிந்தன. 1947 ஜூலை 19ஆம் நாள் அடிகள் கொழும்பில் மறைந்தார். அவர் உடல் தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்து வளவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. இறைவன் விரும்பும் மலர் எது என்று வினவி, புறத்தே பூக்கும் மலர்களை ஒவ்வொன்றாக விலக்கி, உள்ளமாகிய தாமரையே அது என்று விடை கூறும் அவருடைய பாட்டு, சமாதியில் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் இன்று மட்டக்களப்பில் இசையும் நடனமும் கற்பிக்கின்றது.

யாழ் நூலின் முடிபுகள் அனைத்தையும் பின்வந்த இசையறிஞர் எல்லோரும் ஏற்றுக்கொண்டாரல்லர். சிலர் சில இடங்களை மறுத்தனர். இது நூலின் குறையன்று, அதன் சிறப்பேயாகும். வெறும் புகழுரையை மறுக்க இயலாது, திருத்தவும் இயலாது. கணக்கைக் காட்டியவரையே பிறர் சரிபார்க்கலாம், பிழை காணலாம், மேலும் ஓர் அடி எடுத்து வைக்கலாம். பழம்பெருமையைப் பேசுவதனால் இழந்த பொருள் மீளாது. அதனைத் தேடி அளந்து மெய்ப்பிக்கும் உழைப்பினாலேயே மீளும். விபுலாநந்தர் வாழ்வு உணர்த்தும் உண்மை இதுவே.

ஊவா மலைநாட்டுத் தோட்டங்களிலே காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்துள்ளன. கூத்துத் தொடங்குமுன் தப்படிப்பவர் தோலைத் தீயிற் காட்டி, விரலால் தட்டி, ஒலி ஏறும் பதம் பார்த்து எடுப்பார். எந்த ஏட்டிலும் எழுதப்படாத இசையறிவு அது. அக்கலைகளை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். தாளத்தை எண்ணிக் குறித்து, பாட்டைக் கேட்டு எழுதிவைக்கும் மாணவர் அத்தோட்டங்களிலிருந்தே எழுவாராயின், யாழுக்கு நேர்ந்தது தப்புக்கு நேராது. எழுதத் தவறின், வருணனைகூட எஞ்சாமல் அவை மறையும். பின்வரும் ஒரு விபுலாநந்தர்க்குத் தேடுவதற்கு ஏடும் இராது.