ஹீலியம்: கண்டறியப்பட்ட வரலாறு

ஹீலியம், பூமியில் பிரித்தெடுக்கப்படுவதற்கு 27 ஆண்டுகள் முன்பே சூரியனில் தடம் தெரிந்த தனிமம். அதன் வரலாறு 1868 ஆகஸ்ட் 18 அன்று சென்னை மாகாணத்தில் தொடங்குகிறது. அன்றைய முழுச் சூரிய கிரகணத்தின் பாதை குண்டூர், மசூலிப்பட்டினம் வழியே சென்றது.

குண்டூரில் பிரெஞ்சு வானியலர் பியர் ஜான்சென், சூரிய விளிம்பில் எழுந்த தீப்பிழம்புகளை நிறமாலைமானியால் ஆராய்ந்தார். அவை பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயு என்று ஒளிக்கோடுகள் காட்டின. அவ்வளவு பிரகாசமான கோடுகள் கிரகணமின்றியும் தெரியுமே என்று எண்ணியவர், மறுநாளே பட்டப்பகலில் அவற்றைக் கண்டார். இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் அக்டோபர் 20இல் தனியாக அதையே சாதித்தார்.

ஜான்சென் குண்டூரில் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது சரியன்று, புதுத் தனிமம் எதையும் அவர் அப்போது அறிவிக்கவில்லை. கிரகணத்தில் ஹீலியத்தின் மஞ்சள் கோட்டைக் கண்டவர்கள் பொதுவாக அதைச் சோடியம் என்றே கொண்டார்கள். மசூலிப்பட்டினத்திலிருந்து நோக்கிய சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனோ, அது சோடியக் கோட்டின் இடத்திலோ அதன் அருகிலோ இருப்பதாகப் பதிந்தார். எச்சரிக்கையான அந்தச் சொல்லுக்கு மதிப்புண்டு. சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் அமைபவை, இது 587.6இல். கிரகணம் தரும் சில நிமிடங்களுக்குள் இவ்வளவு சிறிய இடைவெளியைப் பிரித்தறிவது கடினம்.

கிரகணத்துக்குக் காத்திருக்கும் தேவை நீங்கியதும் நிதானமாக அளக்க முடிந்தது. அது சோடியமன்று என்று லாக்கியர் உறுதிசெய்து, கோட்டுக்கு டி3 என்று பெயரிட்டார். ஹைட்ரஜனின் வேறொரு நிலையாக இருக்குமோ என்று வேதியியலர் எட்வர்ட் பிராங்க்லாந்துடன் சேர்ந்து அழுத்தத்தையும் வெப்பத்தையும் மாற்றிப் பார்த்தார். ஆய்வகத்தில் அந்தக் கோடு தோன்றவே இல்லை.

1890 வாக்கில் அமெரிக்கரான வில்லியம் ஹில்பிரண்ட், யுரேனியத் தாதுவை அமிலத்தில் இட்டபோது வந்த வாயுவை நைட்ரஜன் என்று பதிவு செய்திருந்தார். 1895இல் ஆர்கானைத் தேடிய வில்லியம் ராம்சே, கிளீவைட் என்ற யுரேனியத் தாதுவில் அதே சோதனையைத் திரும்பச் செய்தார். வெளிவந்த வாயுவைத் தூய்மைப்படுத்தி நிறமாலைமானியில் பார்த்தபோது மஞ்சள் கோடு தெரிந்தது. வில்லியம் குரூக்ஸ் அளந்து, அது டி3 கோடுதான் என்றார். அதே ஆண்டு சுவீடனின் உப்சாலாவில் கிளீவ், லாங்லெட் இருவரும் தனியே அந்த வாயுவைப் பிரித்தெடுத்தனர்.

ஹீலியத்தின் வரலாற்றை எழுதுவோர் குண்டூரோடு நிறுத்திவிட்டு மசூலிப்பட்டினத்தையும் போக்சனையும் விட்டுவிடுவது நியாயமன்று.