குருவும் மக்களும்

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். குருவுக்கு அடைக்கலம் கொடுத்தல் மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறக்குறைய 30 ஆண்டுகள் சமயத்தைப் பேணியோர் சாதாரண விசுவாசிகளே. வீட்டினுள் மறைவாகக் கூடிச் செபித்தனர். பிள்ளைகளுக்குச் செபங்களைக் கற்பித்தனர்.

அவசர வேளையில் ஞானஸ்நானம் எவரும் கொடுக்கலாம். ஆனால் பூசை ஒப்புக்கொடுக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பளிக்கவும் குருப்பட்டம் பெற்றவர்க்கே அதிகாரமுண்டு. இக்குறையைத் தீர்க்கவே 1687இல் கோவா நாட்டவரான யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலை மக்கள் அவரை ஏற்றுக் காத்தனர். இரவிலே பூசை நடந்தது.

2015இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவருக்குக் கதவு திறந்தவர்களையும் உடன் நினைத்தல் முறையாகும். மக்கள் காவாதிருந்தால் குரு வந்தும் பயனில்லை. குரு வாராதிருந்தால் மக்கள் காத்ததும் நிறைவெய்தியிராது.